முக்காடு போட்ட மாதுளை

அப்பா விட்டுப்போன மாதுளைத் தோட்டத்தில் மேல்பாதி தங்கைக்கு, கீழ்ப்பாதி அண்ணனுக்கு. பேச்சுக்குத்தான் அப்படி. நடப்பில் இரண்டு பாதியையும் அண்ணன்தான் ஆண்டுகொண்டிருந்தார். தங்கை சந்தைக்குப் பின்னால் இருக்கும் கோல்டு ஸ்டோரேஜில் பழம் பிரிக்கும் வேலைக்குப் போனாள். வருஷா வருஷம் சொந்தத் தோட்டத்துப் பழம் பெட்டி பெட்டியாக உள்ளே போகும். வெளியே வரும்போது பாதிக்கு மேல் பூசணம். அதைப் பொறுக்கிக் குப்பையில் கொட்டுவது அவள் வேலை. சொந்தப் பழத்தைச் சொந்தக் கையால் கொட்டினால் வயிறு எரியுமா எரியாதா?

கொட்டிக் கொட்டியே அவளுக்கு ஒன்று விளங்கிவிட்டது. அழுகல் அந்தக் குளிர் அறையில் பிறப்பதில்லை, மரத்திலேயே பிறந்துவிடுகிறது. அண்ணனின் விவசாயம் ரொம்பச் சுலபம். மண் பாளம் பாளமாக வெடிக்கும்வரை காயப்போடுவார். வியாபாரி வரப்போகிறார் என்று தெரிந்ததும் மோட்டாரைப் போட்டு வெள்ளமாகப் பாய்ச்சுவார். பழம் ஊதிக்கொண்டு மாப்பிள்ளை மாதிரி நிற்கும். தோல்தான் பாவம், திடீரென்று வந்த தண்ணீரைத் தாங்காமல் கண்ணுக்குத் தெரியாத கீறல் விடும். மிச்சத்தைப் பூசணம் பார்த்துக்கொள்ளும்.

"இந்த வருஷம் என் பாதியை நானே பாத்துக்கறேன்" என்று அவள் ஒருநாள் சோற்றுத் தட்டின் முன்னால் சொன்னாள்.

அண்ணனுக்குப் புரை ஏறியது. தண்ணீர் குடித்துவிட்டுச் சிரித்தார். "பாத்துக்க, தாராளமா பாத்துக்க. ஆனா ஒண்ணு. ஸ்டோரேஜ்ல இருந்து எடுக்கும்போது உன் பழம் கெடாம நிக்கலைன்னா, உன் பாதி மொத்தமா என் கைக்கு வந்துடணும். அப்புறம் தோட்டம் துரவுன்னு வாயே திறக்கக் கூடாது."

"சரி" என்றாள்.

பிஞ்சு கொஞ்சம் திரண்டதும் கால்சியம் கரைசலை முதுகில் சுமந்து மரம் மரமாக அடித்தாள். தோல் கெட்டிப்பட அதுதான் வழி. இலையெல்லாம் வெள்ளைப் புள்ளி விழுந்தது. "வீட்டுக்குத்தான் வெள்ளையடிப்பாங்க, இவ தோட்டத்துக்கு அடிக்கிறா" என்று அண்ணன் ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தார். பிறகு வெயிலும் பூச்சியும் தொடாமலிருக்க ஒவ்வொரு பழத்துக்கும் காகிதப் பை மாட்டினாள். மறுநாளே முக்காட்டுத் தோட்டம் என்று பெயர் வைத்துவிட்டார்கள். அண்ணியும் சிரித்தாள், ஆனால் சிரித்துக்கொண்டே பை ஒட்டிக் கொடுத்தாள். சிரிப்பு புருஷனுக்கு, பசை நாத்தனாருக்கு.

தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக, ஒரே அளவாக விட்டாள். அறுவடை நெருங்க நெருங்கக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தாள். கடைசியில் வால்வை ஒரு நூலளவு திறந்து வைத்துவிட்டு, கைப்பிடியைக் கழற்றி இடுப்பில் கட்டிக்கொண்டாள். குளிக்கும்போது மட்டும் அதைச் சோப்புப் பெட்டிக்குப் பக்கத்தில் வைப்பாள்.

வியாபாரி வந்தார். ஒரு பையைப் பிரித்து எட்டிப் பார்த்தார். "என்னம்மா இது, சோகை பிடிச்ச மாதிரி இருக்கு? கொஞ்சம் தண்ணி காட்டுங்க, ஊதட்டும்."

"நாளைக்கே பாய்ச்சிடறேன்" என்றார் அண்ணன், தன் பாதியைச் சொல்வதுபோல.

மறுநாள் அவர் பிளம்பரைக் கூட்டிக்கொண்டு மேல்பாதிக்கே வந்துவிட்டார். கைப்பிடி இல்லாவிட்டால் என்ன, ரெஞ்ச் இருக்கிறதே. தங்கை ஓடிவந்தாள். என்ன செய்வதென்று தெரியவில்லை. வால்வு இருந்த சிமெண்ட் தொட்டியின் மூடியைப் போட்டு, அதன்மேல் சப்பணம் போட்டு உட்கார்ந்துவிட்டாள்.

"அக்கா, கொஞ்சம் எந்திரிங்க" என்றான் பிளம்பர், தரையைப் பார்த்தபடி.

"முதல்ல உன்னைக் கூட்டிட்டு வந்தவர் வாயை மூடு. அப்புறம் வந்து வால்வைத் திற."

"பைத்தியம் பிடிச்சிருக்கா உனக்கு?" அண்ணன் கத்தினார். "இவ்வளவு நாள் உன் பாதியையும் கட்டிக் காப்பாத்தினது யாரு?"

"காப்பாத்தினதை எல்லாம் நான்தானே அண்ணா குப்பையில கொட்டினேன். பைத்தியம் பிடிச்சிருக்குதான். இப்பத்தான் பிடிச்சுது, நல்லா இருக்கு."

இந்த மண்ணில் ஒருநாளாவது தன் சொல் நின்றாக வேண்டும், அதற்குமேல் அவளுக்கு அப்போது எதுவும் வேண்டியிருக்கவில்லை. வெயில் ஏறி, வெயில் இறங்கியது. அண்ணி வந்து ஒரு சொம்பு தண்ணீரை வைத்துவிட்டு யாரையும் பார்க்காமல் போனாள். பிளம்பருக்கு வேறு வேலை வந்துவிட்டது. அண்ணன் மோட்டாரைப் போட்டுத் தன் பாதியை ஏரியாக்கினார்.

அறுவடையில் அண்ணன் பழம் குண்டாக, சிவப்பாக, பார்த்தாலே எடுக்கத் தோன்றுவதாக இருந்தது. தங்கையுடையது சின்னது, கொஞ்சம் வெளிறல். இரண்டும் ஒரே நாளில் ஸ்டோரேஜுக்குப் போயின. அதற்குப் பிறகு அவள் அந்தக் கதவைக் கடக்கும்போதெல்லாம் நடையை எட்டிப் போட்டாள். திறந்து பார்க்கச் சாவி இருந்தும் பார்க்கவில்லை, தைரியம் வரவில்லை.

சந்தையில் மாதுளைக்குத் தட்டுப்பாடு வந்த நேரத்தில் வியாபாரி கதவைத் திறக்கச் சொன்னார். அண்ணன் பெட்டியின் மூடியை எடுத்ததுமே புளித்த வாடை. பழத்தைத் தொட்டதும் விரல் உள்ளே போனது. அடுத்த பெட்டி, அதற்கடுத்த பெட்டி, எல்லாம் அதே கதை. தங்கையின் பெட்டியில் கைவைத்த வியாபாரி ஒரு பழத்தை எடுத்துக் கட்டைவிரலால் அழுத்தினார். அது அசையவில்லை. உடைத்தார். முத்து முத்தாகச் சிவப்பு. வாயில் போட்டு மென்றவர் பேச்சை மறந்து இன்னும் ஒரு கை அள்ளினார்.

அண்ணன் தன் பெட்டியை மூடினார். "அடுத்த வருஷம் என் பாதியையும் நீயே பாத்துக்க."

"உன் பாதி எனக்கு எதுக்கு? தண்ணி எப்படி விடணும்னு கேளு, வந்து காட்டறேன்" என்றாள் தங்கை. கை தானாக இடுப்பிலிருந்த கைப்பிடியைப் பிடித்துக்கொண்டது. "மேல்பாதி யாருது? அதை மட்டும் சொல்லு."

"உன்னுதுதான். யாரு இல்லைன்னது?" என்றார் அவர் பெட்டியைப் பார்த்தபடி.

"சத்தமா சொல்லு அண்ணா. வியாபாரி வாய் நிறைய வச்சு மெல்லறாரு, அவருக்குக் கேட்டிருக்காது."