ஆறு மணிக்குள் ஒரு பதிவு

பெங்களூரு ஜாஸ் விழாவில் முதன்முறையாகத் தனித்து வாசிக்க, ஆரோன் மாலை ஆறு மணிக்குள் ஒரு பதிவை அனுப்பியாக வேண்டும். திருச்செங்கோட்டு வீட்டில் அவன் சாக்ஸபோனை எடுத்த வேளையில், பக்கத்துத் தோட்டத்தில் ரிக் வண்டி ஆழ்துளைக் கிணறு தோண்டத் தொடங்கியது.

வேலியோரம் ஓடினான். "ஏனுங்கக்கா, அரை மணி நேரம் நிறுத்தச் சொல்லுங்க."

"பாதியில நிறுத்துனா குழி மூடிக்கும் சாமி," என்றாள் தோட்டக்காரி கந்தம்மாள். "தண்ணி வந்தா உங்கூட்டுக்கும் ஒரு கொடம்."

சன்னல்களில் போர்வை கட்டி வாசித்தான். பதிவில் ரிக்தான் தனித்து ஒலித்தது.

ஆறேகாலுக்குச் சத்தம் ஓய்ந்தது. கந்தம்மாள் தலையெல்லாம் கல்தூளுடன் வேலியருகே வந்தாள்.

"தொள்ளாயிரம் அடி. தண்ணியில்லை, வெறும் பொகைதான்." முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "நீயாச்சும் ஊது சாமி. இனி எடஞ்சலில்லை."

பதிவை அனுப்பும் நேரம் கடந்துவிட்டிருந்தது. ஆரோன் உள்ளே போய்ச் சன்னல் போர்வைகளை அவிழ்த்தான். சாக்ஸபோனை எடுத்தான்.