மடிப்பில் கசிந்த தாள்

கார்முகில் கீழ்வானை மூடிக் கதிரவனை எழவிடாது தடுத்து நின்ற ஐப்பசித் திங்கள் காலையொன்றில், கயிறு பிடித்து வகுத்தாற்போல் கடலை நோக்கி நேரே ஓடும் புதுச்சேரித் தெருக்கள் மழையில் நனைந்து கிடந்தன. பெரிய மார்க்கெட் என்று ஊரார் வழங்கும் பேரங்காடியில் மீன்கூடைகள் இறங்கிக்கொண்டிருந்தன. முதலியார்பேட்டை தொடங்கி அரியாங்குப்பத்து ஆற்றுப்பாலம் வரை வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாய் ஊர்ந்தன. அந்நெரிசலுக்குச் சற்றே ஒதுங்கி, உயர்ந்த மதிலுக்குள் ஒரு தாளாலை உண்டு. எழுதுதாள் ஆக்கும் ஆலையன்று அது. மருந்துக்கும் உணவுக்கும் உரிய தனிவகைப் பொதிதாள்களை ஆக்குவது. அதன் பின்புறத்தே வெள்ளையடித்து நின்ற சிறு மாடிக் கட்டடமே புதுத்தாள் காணும் ஆய்வுக்கூடம்.

தமிழ்நயம் உணர்ந்தீர், அக்கூடத்தில் பணிபுரிந்தோர் ஒன்பதின்மர். அவருள் முதன்மை ஆய்வாளராய் விளங்கிய ஆனந்தமேரி அம்மையார், ஏழாண்டுகளாக ஒரே தாளைத் துரத்தி வந்தார். நெகிழிப்பூச்சு சிறிதுமின்றி, மரவள்ளி மாவும் தேன்மெழுகும் குழைத்துப் பூசி, ஈர மீனைப் பொதிந்தாலும் நீர் கசியாத தாளை ஆக்குவதே அவர் வேட்கை. கூழை அலசிச் சல்லடையில் படியவிட்டு, ஒவ்வொரு மாதிரித் தாளையும் கையால் வார்த்துக் கொடுத்தவர் முருகையன். இருவரும் பழுதென்று கழித்த தாள்களைக் குவித்தால் ஒரு வைக்கோற்போர் உயரும்.

தாள்நூல் வல்லார்க்கு ஒரு வழக்குண்டு. வெம்மையும் ஈரமும் மாறா அளவில் நிற்கும் குளிரறையில் தாளை ஒரு பகலும் ஓர் இரவும் கிடத்தி, பின்பு அதனைத் தட்டையாய் விரித்து, மேலே வளையம் வைத்து இறுக்கி, நீரூற்றி, எவ்வளவு நீரை அது உறிஞ்சிற்று என நிறுத்துப் பார்ப்பர். அத்தேர்வில் அம்மையாரின் தாள் இருபது முறையும் வென்றது. கூடத்தார் இனிப்பு வழங்கி மகிழ்ந்தனர். ஒன்பதின்மரும் கற்றவரே. ஆயினும் பொதிவதற்கென்றே பிறந்த தாளை ஒருமுறை மடித்துப் பார்ப்போம் என்னும் எண்ணம் ஒருவர் தலையிலும் உதிக்கவில்லை. படித்தவன் பாட்டைக் கெடுத்தான் என்று ஊரார் சொல்வது சும்மாவா? விரித்து அளப்பதே வழக்கமாகையால் விரித்தே அளந்தார்கள்.

மடித்தவர் மீன் விற்கும் தனக்கொடி. உள்ளம் பூரித்த ஆனந்தமேரி, அந்த மழைக்காலையில் தாள் பத்துப்பன்னிரண்டை எடுத்துக்கொண்டு அங்காடிக்குச் சென்று, தாம் வழக்கமாய் மீன் வாங்கும் அவரிடம் கொடுத்தார். தனக்கொடி சங்கரா மீன் நான்கினை வைத்து, நாற்புறமும் அழுந்த மடித்து, முனையைத் திருகினார்; அவ்வாறே மற்றத் தாள்களிலும் பொதிந்து பார்த்தார்.

"தாளு பாக்க நல்லாத்தான் கீது மேரி. மடிச்ச எடத்துல பாரு, தண்ணி சொட்டுது."

"இன்னொண்ணுல சுத்திப் பாருக்கா."

"பத்து சுத்திட்டேன். பத்தும் அதே கததான்."

மடிப்பிலே பூச்சு வெடித்திருந்தது. மயிரிழையளவே வெடிப்பு, நீருக்கு அவ்வளவு போதும். மீன்நீர் புடைவையில் சொட்ட, அம்மையார் வெடித்த தாளொன்றை எடுத்துக்கொண்டு திரும்பினார். மறுநாள் அவர் கையொப்பமிட்ட அறிக்கை ஆலை உரிமையாளர் கைக்குப் போய்ச் சேர வேண்டும்.

நேரே கூடத்தலைவர் கோபிநாத்திடம் சென்று நடந்ததை உரைத்தார். "மடிச்சா வெடிக்குது சார். ஆறு மாசம் குடுங்க, சரி பண்ணிடுறேன்."

கோபிநாத் எழுந்து கதவைச் சாத்தினார். "மடிச்சுப் பாக்கணும்னு ரூல்ஸ்ல எங்க இருக்கு?"

"ரூல்ஸ்ல இல்ல சார். மார்க்கெட்ல இருக்குது."

"இதுவும் தேறலன்னா கூடத்தையே மூடிடுவாங்கன்னு பேசிக்கிறாங்க மேரி. ஒம்போது குடும்பம். இருபது தடவ தேறுனது நிஜம்தானே, அத எழுதுங்க. கடைசியில, இனிமே ஆய்வு பண்ண எதுவும் பாக்கி இல்லன்னு ஒரு வரி போட்டுடுங்க. அவுங்களுக்குச் சந்தேகம் வரக் கூடாது."

வெளியே முருகையன் கை துடைத்தவாறு நின்றிருந்தார். "தாளு தேறிடுச்சா மேடம்? பொண்ண இப்பதான் நர்சிங்ல சேத்துவுட்டேன்."

"தேறிடுச்சு முருகையண்ணே," என்றார் ஆனந்தமேரி. சொல்லிய பின் மாற்றிச் சொல்ல நா எழவில்லை. பொய்க்கணக்கு ஒன்றும் எழுதியறியாத அந்தக் கை, அன்று மாலை முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்து, தலைவர் சொன்ன வரியையும் சேர்த்துக் கையொப்பமிட்டது.

பன்னிரு நாள் கழிந்தது. உரிமையாளரிடமிருந்து மடல் வந்தது. ஆறுமாதம் தந்து ஆய்வை நீட்டிப்பதா, நிறுத்துவதா என்று முடிவு செய்யவே அறிக்கை கேட்டதாகவும், ஆய்வதற்கு இனி எதுவும் எஞ்சவில்லை என முதன்மை ஆய்வாளரே உறுதிகூறியமையால் கூடம் இத்திங்களோடு மூடப்படுவதாகவும், ஒன்பதின்மர் பணியும் நிறைவுற்றதாகவும் அதில் கண்டிருந்தது. கோபிநாத் அதனை இருமுறை படித்துவிட்டு, ஒருவர் முகத்தையும் பாராமல் தம் அறைக்குள் சென்றார்.

முருகையன் மட்டும் நகரவில்லை. "தாளு நல்லா வந்துச்சுன்னுதானே சொன்னீங்க. அப்புறம் ஏம் மூடுறாங்க?"

"நல்லா வரலண்ணே. மடிச்சா ஒழுவுது. நாந்தான் மறச்சு எழுதிட்டேன்."

"எங்களுக்காவா?"

"ஆமா."

"எங்கள ஒரு வார்த்த கேக்கலியே மேடம்."

அவர் சினந்து சொல்லவில்லை. சினந்திருந்தால் அம்மையாருக்குத் தாங்க எளிதாயிருந்திருக்கும். கூழ்த்தொட்டியைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு முருகையன் படியிறங்கிப் போனார்.

அறிவுடையீர், பிறர் வாழ்வைக் காக்கவென்று மெய்யை மறைப்போர் அப்பிறரை ஒருபோதும் உசாவுவதில்லை; உசாவினால் தம் அச்சம் வெளிப்பட்டுவிடும் அன்றோ? மடிப்பைத் திருத்த ஆறு திங்கள் போதுமாயிருந்தது. அந்த ஆறு திங்களைப் பெற ஒரு வரி போதுமாயிருந்தது. அவ்வரியை எழுதத் தகுந்த கை அக்கூடத்தில் ஒன்றே ஒன்று. அது வேறொரு வரியை எழுதிவிட்டது.