அறைந்து சாத்த முடியாத இழுப்பறை

1

இந்தக் கதை எனக்கு ஒரு கடையில் கிடைத்தது. எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன் என்றும் சொல்லலாம். என் வீட்டுச் சமையலறை அலமாரிக்குக் கீல் வாங்கப் போயிருந்தேன். மாதிரிக்காகக் கட்டிவைத்த சமையலறைகள் வரிசையாக நிற்கும் பெரிய கடை அது. குழாயைத் திறந்தால் தண்ணீர் வராது, அடுப்பைத் திருகினால் தீ வராது. அங்கே ஒரு பெண் ஓர் இழுப்பறையை இழுப்பதும் ஓங்கித் தள்ளுவதுமாக இருந்தாள். ஒவ்வொரு முறையும் அது பாய்ந்து போகும், கடைசி ஒரு சாணில் மூச்சைப் பிடித்துக்கொள்ளும், பிறகு சத்தமே இல்லாமல் உள்ளே போய் ஒட்டிக்கொள்ளும்.

விளையாடுகிறாள் என்று நினைத்தேன். முகத்தைப் பார்த்த பிறகு அப்படி நினைக்க முடியவில்லை.

"எவ்வளவு வேகமாத் தள்ளினாலும் இப்படித்தான் மூடுமா?" என்று கடையில் வேலை பார்க்கும் பெண்ணிடம் கேட்டாள்.

"ஆமா மேடம். சாஃப்ட் க்ளோஸ். குழந்தைங்க கைகூட நசுங்காது."

"ஒரு ஆம்பள தள்ளினா?"

கடைப் பெண் சிரித்தாள். "யாரு தள்ளினாலும் மேடம்."

கேட்டவள் சிரிக்கவில்லை. இரண்டு கையாலும் இன்னொரு முறை தள்ளிப் பார்த்தாள். நான் கீல் வாங்காமலே வீட்டுக்கு வந்தேன்.

நான் கண்ணால் கண்டது இவ்வளவுதான். இனி வருவதெல்லாம் நானாக எழுதுவது. தப்பாக இருந்தால் என்னைக் கேளுங்கள், அவளைக் கேட்காதீர்கள்.

2

முதல் தொடக்கம்: 'சமையலறையை இடித்த அன்று வீடெல்லாம் வெள்ளைத் தூசி படிந்து—'

வேண்டாம். தூசியில் ஆரம்பித்தால் கதை முழுக்கப் பெருக்கிக்கொண்டே இருக்க வேண்டியதுதான்.

இரண்டாவது: 'அவளுக்குப் பயம் பழகிப்போயிருந்த—'

இதுவும் வேண்டாம். முதல் வரியிலேயே பயந்தவள் என்று சொல்லிவிட்டால், நீங்கள் ஒரு 'அய்யோ பாவம்' போட்டுவிட்டுப் பக்கத்தைத் திருப்பிவிடுவீர்கள்.

மூன்றாவது இருக்கட்டும். அவள் ஒரு பல் மருத்துவரிடம் வரவேற்பு மேசையில் வேலை பார்த்தாள். கணவருக்குச் சொந்தமாக மூக்குக்கண்ணாடிக் கடை. வருகிறவரின் மூக்கில் கனமான சட்டத்தை மாட்டி, சில்லை மாற்றி மாற்றிப் போட்டு, "இது தெளிவா இருக்கா? இல்ல, இதுவா?" என்று கேட்கும்போது அவர் குரலில் அப்படி ஒரு பொறுமை இருக்கும். அந்தத் தெருவில் யாரைக் கேட்டாலும் தங்கமான மனுஷன் என்பார்கள். நாமும் அவரைக் கண்ணாடிக்காரர் என்றே வைத்துக்கொள்வோம். ஒரே மகள், பள்ளிக்கூடம் போகிறவள், வீட்டில் கூப்பிடுவது குட்டி என்று.

வீட்டில் கண்ணாடிக்காரர் அதிகம் பேசமாட்டார். அவருக்குப் பதிலாகச் சமையலறை பேசும். கரண்டி இழுப்பறை டமார் என்றால் கடையில் ஏதோ தகராறு. தட்டு அலமாரியின் கதவு என்றால் அவள் ஏதோ சொல்லிவிட்டாள், அல்லது சொல்லவேண்டியதைச் சொல்லாமல் விட்டுவிட்டாள். இரண்டும் அடுத்தடுத்துக் கேட்டால் குட்டி வீட்டுப்பாட நோட்டை எடுத்துக்கொண்டு குளியலறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொள்வாள். யாரும் அவளுக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. குழந்தைகளுக்கு மழை வருவது தெரிகிற மாதிரி தெரிந்துகொண்டாள்.

3

இந்த ஆளைப் பற்றி எனக்கே சந்தேகம் வந்துவிட்டது.

[ஒரு விஷயம். முதல் வரைவில் அவரை 'அவன்' என்றுதான் எழுதினேன். இரண்டு பக்கம் போனதும் பேனா ஓடவில்லை. அவள் மனசுக்குள்கூட அவரை அப்படி நினைத்ததில்லை. அவளுக்குப் பக்கத்தில் நின்று எழுதுகிறவன் நான். அதனால் 'அவர்' என்றே இருக்கிறது. உங்களுக்கு உறுத்தினால் உறுத்தட்டும்.]

சந்தேகம் இதுதான்: அவர் அவளை அடித்தாரா? அடிப்பதாக ஒரு காட்சி எழுதினேன். எழுதி முடித்ததும் எல்லாம் சுலபமாகிவிட்டது. உங்களுக்குக் கோபம் வந்திருக்கும், எனக்குக் கைதட்டல் கிடைத்திருக்கும். கிழித்துப் போட்டேன். கண்ணாடிக்காரர் ஒருநாளும் அவள்மேல் கை வைத்ததில்லை. அவள் சிக்கலே அதுதான். அண்ணியிடம் தொலைபேசியில் ஒருமுறை வாய்விட்டுச் சொல்லப் பார்த்தாள்.

"அடிக்கறாரா?" என்றாள் அண்ணி.

"இல்ல அண்ணி."

"குடிக்கறாரா?"

"சேச்சே."

"அப்புறம் என்னடி? ஆம்பளைங்கன்னா ரெண்டு கதவு சாத்தத்தான் செய்வாங்க. உங்கண்ணன் சாத்தாததா?"

அதற்கு மேல் என்ன சொல்வது? கதவு சாத்தினால் குட்டி நோட்டை எடுத்துக்கொண்டு குளியலறைக்குள் போய்விடுகிறாள் என்றா? அதையெல்லாம் ஒரு புகாராக யாரிடம் கொண்டுபோய் வைப்பது?

பிறகு ஒரு சாயங்காலம் தட்டு அலமாரியின் கதவை அவர் சாத்திய வேகத்தில் அது கீலோடு பிய்ந்து விழுந்தது. பாதி கண்ணாடி போட்ட கதவு. குட்டி தண்ணீர் குடிக்க வந்து நின்றிருந்தாள். சில்லுகள் அவள் பாதத்தைச் சுற்றி, பாதத்தை மட்டும் விட்டுவிட்டுச் சிதறிக் கிடந்தன. குழந்தை அழவில்லை. "நான் நகரல, நான் நகரல" என்று சொல்லிக்கொண்டே நின்றாள்.

கண்ணாடிக்காரர்தான் அவளைத் தூக்கி மேடைமேல் உட்காரவைத்தார். அவரே குனிந்து எல்லாச் சில்லையும் பொறுக்கினார். துடைப்பத்தோடு வந்த மனைவியிடமிருந்து அதையும் வாங்கிக்கொண்டார். எல்லாவற்றையும் கூட்டி அள்ளிய பிறகு நிமிர்ந்து சொன்னார்:

"கீல் துருப்பிடிச்சுப் போச்சு. ரொம்பப் பழசு. கிச்சனையே மாத்திடலாம்."

அவளும் தலையாட்டினாள். கீல்தான். கீல் பழசு.

4

கடையில் வேலை பார்த்த அந்தப் பெண்ணையே கதைக்குள் இழுத்துவருகிறேன். டிசைனர் என்பது அவள் வேலையின் பெயர். அளவு நாடாவும் மடிக்கணினியுமாக ஒரு விடுமுறை நாளில் வீட்டுக்கு வந்தாள். கண்ணாடிக்காரர் நாற்காலி எடுத்துப் போட்டார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றுவதும் மாட்டுவதுமாக இருந்த அவளைப் பார்த்து, "பவர் கூடியிருக்கும்போல. ஒருநாள் கடைக்கு வாங்க, பாத்துடலாம்" என்றார். டிசைனருக்கு அவரை ரொம்பப் பிடித்துப்போயிற்று.

"சொல்லுங்க மேடம். தட்டெல்லாம் எங்க வைக்கறது? மேல கண்ணாடிக் கதவு போட்டு உள்ள லைட் வச்சா சூப்பரா இருக்கும்."

"கண்ணாடி வேண்டாம்."

"சரி, மரக் கதவு."

"மேல கதவே வேண்டாம். தட்டு, டம்ளர், ஜாடி எல்லாம் கீழ. ஆழமான ட்ராயர்ல. விழுந்தாலும் தூரம் இருக்கக்கூடாது."

"கத்தி? அடுப்புக்குப் பக்கத்துலயே சின்ன ட்ராயர் குடுக்கறேன், கைக்கு எட்டற மாதிரி."

"எட்ட வேண்டாம்," என்றாள் அவள். சொன்ன பிறகு குரல் கொஞ்சம் வேகமாக வந்துவிட்டதோ என்று, "குழந்த இருக்கால்ல" என்று சேர்த்துக்கொண்டாள்.

டிசைனர் திரையைத் திருப்பிக் காட்டினாள். மூன்று சுவரையும் ஒட்டி மேடை, நடுவில் நிற்கிற இடம், நாலாவது பக்கம் வழி. "இப்படிப் போட்டா நிறைய ஸ்டோரேஜ் கிடைக்கும்."

அவள் அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். வழியில் ஒரு ஆள் நின்றுவிட்டால் உள்ளே இருப்பவள் கிணற்றுக்குள் இருப்பவள்தான். "ஒரு பக்கச் சுவர விட்டுடலாம். பின்கட்டுக் கதவு மறைய வேண்டாம். அடுப்பும் இந்தப் பக்கம் வரட்டும், வாசலப் பாத்த மாதிரி."

"எதுக்கு மேடம் ரெண்டு வழி? சமைக்கறது நீங்க ஒருத்தர்தானே?"

கண்ணாடிக்காரர் சிரித்தார். "அவளுக்கு எதுக்கெடுத்தாலும் பயம்ங்க. கேக்கற மாதிரியே போட்டுக்குடுங்க."

[இங்கே அவர் கண் எப்படி இருந்தது என்று எழுத ஆசை. பிரியமாக இருந்தது. நம்புங்கள், பிரியமாகத்தான் இருந்தது. அதனால்தான் எனக்கு இந்த இடத்தை எழுதக் கை கூசுகிறது.]

எல்லா இழுப்பறைக்கும் மெல்ல மூடும் தடம் போடுவது என்று முடிவானது. அதற்கு மட்டும் அவள் யாரையும் கேட்கவில்லை.

5

பழைய சமையலறையை இடித்துக்கொண்டுபோனார்கள். அடுப்பு கூடத்து மூலைக்கு வந்தது. சாமான்கள் பிளாஸ்டிக் கூடைகளில் வந்து உட்கார்ந்தன. ஓங்கிச் சாத்துவதற்கு ஓர் அலமாரிக் கதவும் இல்லை, தள்ளுவதற்கு ஒரு இழுப்பறையும் இல்லை. நிம்மதியாக இருக்கும் என்று நினைத்திருந்தாள். நானும் அப்படித்தான் எழுத உட்கார்ந்தேன்.

அன்று கண்ணாடிக்காரர் கடையிலிருந்து வந்து செருப்பைக் கழற்றினார். அவள் அடுப்புப் பக்கம் குனிந்திருந்தாள். சத்தம் வரும் என்று முதுகு தன்னால் காத்திருந்தது. வரவில்லை. என்ன மனநிலையில் வந்திருக்கிறார்? கடையில் சண்டையா? நல்ல வியாபாரமா? தெரியவில்லை. சத்தம் இருந்த காலத்தில் அவளுக்கு எல்லாம் முன்கூட்டித் தெரியும். எதைப் பேசலாம், எதை நாளைக்குத் தள்ளிப்போடலாம், குட்டியை எந்த அறையில் வைக்கலாம் என்று எல்லாவற்றையும் அந்தச் சத்தம்தான் அவளுக்குச் சொல்லிவந்தது. இப்போது யாரோ அவள் காதையே பிடுங்கி எடுத்துவிட்ட மாதிரி இருந்தது.

திரும்பினாள். அவர் மிக அருகில் நின்றிருந்தார். வந்தது கேட்கவே இல்லை.

"என்ன, மூஞ்சி ஒரு மாதிரி இருக்கு?"

"ஒண்ணுமில்லங்க."

"ஒண்ணுமில்லன்னா ஏன் இப்படி வேர்த்திருக்கு?"

"அடுப்புச் சூடு."

அவர் அவளைப் பார்த்தபடியே தண்ணீர் குடித்தார். டம்ளரை மெதுவாக, மிக மெதுவாகக் கீழே வைத்தார். அவ்வளவுதான் நடந்தது. அவளுக்கு மட்டும் அந்த மெதுவைத் தாங்க முடியவில்லை.

மறுநாள் வேலை இடத்திலிருந்து டிசைனரைக் கூப்பிட்டாள்.

"ஒரு ட்ராயர் மட்டும் சாதாரணமா வச்சுடுங்க. அந்த சாஃப்ட் க்ளோஸ் வேண்டாம்."

"ஏன் மேடம்? அன்னைக்கு நீங்களே அத்தன தடவ தள்ளிப் பாத்துட்டு—"

"சத்தம் வரணும்."

"சத்தமா?"

"ஒண்ணுலயாவது சத்தம் வரணும். எனக்கு... தெரியணும்."

அந்தப் பக்கம் விசைப்பலகை தட்டும் சத்தம் நின்றது. தொடர்பு அறுந்துவிட்டது என்று நினைத்து அவள் வைக்கப்போனாள். அப்போது டிசைனரின் குரல் வந்தது. கடையில் பேசுகிற குரல் இல்லை அது.

"எந்த ட்ராயர் மேடம்? வாசலுக்குக் கிட்ட இருக்கறதா, அடுப்புக்குக் கிட்ட இருக்கறதா?"

"வாசலுக்குக் கிட்ட."

"சரிங்க," என்றாள் டிசைனர். குறித்துக்கொண்டாள். பிறகு, "எப்ப வேணாலும் கூப்பிடுங்க. ட்ராயருக்காகத்தான்னு இல்ல."

6

புதுச் சமையலறை நன்றாகத்தான் அமைந்தது. வந்து பார்த்த அண்ணி, "உனக்கென்னடி குறை?" என்றுவிட்டுப் போனாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. கண்ணாடிக்காரர் யாருடனோ தொலைபேசியில் பேசி முடித்தார். கடைக்கு வந்த கண்ணாடிச் சட்டங்கள் எல்லாமே தப்பான அளவாம். உள்ளே வந்தார். கைக்கு அகப்பட்டது நடு இழுப்பறை. இழுத்தார். உள்ளே துணிகள்.

"கரண்டி எங்க?"

"அதுக்கு மேல இருக்கறதுங்க."

ஓங்கித் தள்ளினார். அது பாய்ந்து போய், நின்று, மெல்ல மூடிக்கொண்டது. அவர் அதையே பார்த்தார். மறுபடி இழுத்து இரண்டு கையாலும் தள்ளினார். மறுபடியும் மெல்லவே மூடியது. மூன்றாவது முறை காலால். கோபம் முழுவதையும் வாங்கிக்கொண்டு அது ஒரு பெருமூச்சோடு மூடியது.

கூடத்திலிருந்து வந்த குட்டி அதைப் பார்த்துவிட்டாள். சிரித்துவிட்டாள். அந்த வீட்டில் அப்படி ஒரு சிரிப்பை நான் இதுவரை எழுதவில்லை.

"அப்பா! அதுக்கு உங்க மேல பயமே இல்லப்பா!"

கண்ணாடிக்காரர் குழந்தையின் பக்கம் திரும்பினார்.

இந்த இடத்தில்தான் பல நாளாக உட்கார்ந்திருக்கிறேன்.

ஒரு முடிவு: அவரும் சிரித்துவிடுகிறார். தரையில் உட்கார்ந்து, குழந்தையை மடியில் இழுத்துக்கொண்டு, "ஆமாடா குட்டி" என்று அழுகிறார். எழுதினேன். நன்றாகவே வந்தது. அவ்வளவு நன்றாக வந்ததுதான் எனக்குப் பயமாகிவிட்டது. அதைப் படித்துவிட்டு எந்த வீட்டிலாவது எவளாவது இன்னும் கொஞ்ச நாள் பார்க்கலாம் என்று இருந்துவிட்டால்?

இன்னொரு முடிவு: அவர் கை உயர்ந்து, குட்டியின்—

மாட்டேன். என்னால் ஆகாது.

அதனால் அவரை அப்படியே திரும்பிய நிலையில் நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தேன். அவள் நான் எழுதக் காத்திருக்கவில்லை. அடுப்பை அணைத்தாள். அவருக்கும் குழந்தைக்கும் நடுவே வந்து நின்றாள். பயம் போய்விடவில்லை.

"குட்டி, செருப்பப் போட்டுக்கோ."

"எங்கம்மா?"

"கடைக்கு."

"இப்ப எதுக்குக் கடை?" என்றார் கண்ணாடிக்காரர். தாழ்ந்த குரல். "என்ன கடை?"

முதல்முறையாக அவள் அவருக்குப் பதில் சொல்லவில்லை. குழந்தையின் கையைப் பிடித்தாள். கூடம், வாசல், படி, தெரு. கையில் தொலைபேசி இருந்தது. பர்ஸ் இல்லை. குட்டி செருப்பைக் கால் மாற்றிப் போட்டிருந்தாள். பக்கத்து வீட்டுக்காரர் வண்டி துடைத்துக்கொண்டே, "என்ன, காலையிலேயே கெளம்பியாச்சா?" என்றார். சிரித்துவைத்தாள். வீட்டுக்குள்ளிருந்து, வாசலுக்குக் கிட்ட இருக்கிற அந்தச் சாதாரண இழுப்பறையிலிருந்துகூட, ஒரு சத்தமும் இல்லை. தெருமுனைக்கு முன்னால் நின்றுவிட்டாள்.

"அம்மா, என்ன வாங்கப் போறோம்?"

இதுவரை கொண்டுவந்து விட்டேன். அண்ணியைக் கூப்பிடலாம், 'ரெண்டு கதவு' என்பாள். டிசைனரைக் கூப்பிடலாம், எடுப்பாளோ என்னவோ, ஞாயிற்றுக்கிழமை. ஒரு பாக்கெட் உப்பு வாங்கிக்கொண்டு திரும்பியும் போகலாம். குழந்தைக்கு அவள் சொல்ல வேண்டிய பதில் என்னிடம் இல்லை. நீங்கள் அந்தத் தெருவில்தான் இருக்கிறீர்கள், எனக்குத் தெரியும். உங்கள் வாசல் அவளுக்கு எதிரேதான் இருக்கிறது. அடுத்த வரியை நீங்கள் எழுதுங்கள்.

கொஞ்சம் சீக்கிரம். அவளுக்குப் பின்னால் அவள் வீட்டு வாசற்கதவு திறக்கிறது.