சந்திரசேகரனைக் கண்டு பின்வாங்கிய வீடுகள்

நாகரிகம் என்பதே மனிதன் வீட்டை நோக்கி நடந்த நடைதான் என்றும், குகையிலிருந்து கோபுரம் வரை அந்த நீண்ட நடையில் வீடு ஒருநாளும் அவனைக் கைவிட்டதில்லை என்றும் மேடையேறினால் யாரும் சொல்லலாம். 2005ஆம் வருடம் பிப்ரவரி பதின்மூன்றாம் தேதி ஞாயிற்றுக்கிழமை காலை பத்தேகால் மணிக்கு, கொண்டாப்பூரில் ஒரு நாலு மாடி அபார்ட்மெண்ட், காஞ்சன்பாக் தொழிற்சாலைக் குவார்ட்டர்ஸிலிருந்து வீடு பார்க்க வந்த சந்திரசேகரன் கேட்டை நோக்கி நடந்து வருவதைக் கண்டு பதினொரு அடி பின்னால் போனது. மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டி, கொடியில் காய்ந்த துணிகள், கீழே நிறுத்தியிருந்த இரண்டு ஸ்கூட்டர்கள் எல்லாம் கூடவே போயின. வாட்ச்மேன் மட்டும் நாற்காலியோடு வெயிலில் விடுபட்டுப்போனான். அவன் கட்டடத்தைப் பார்த்தான், சந்திரசேகரனை மேலும் கீழும் பார்த்தான், பிறகு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய்ப் புதிய இடத்துக் கேட்டருகே போட்டு உட்கார்ந்தான். சந்திரசேகரன் விடவில்லை, நடந்தார். அது மறுபடி பதினொரு அடி போனது. மூன்றாவது முறை பின்வீட்டு மதிலில் போய் இடித்தது. பின்வீட்டுக்காரர் வெளியே வந்து தெலுங்கில் கத்தினார். சந்திரசேகரன் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, தென்கிழக்கு மூலை சரியில்லை, வாஸ்து இடிக்கிறது என்று சொல்லிவிட்டுத் திரும்பினார். அவர் பஸ் ஏறியதும் கட்டடம் பழைய இடத்துக்கு வந்து நின்றுகொண்டது.

கூட்டிப்போன தரகர் சுனில், மௌலா அலி ரயில்வே காலனியில் பிறந்து வளர்ந்தவன். அவன் தாத்தா மதராஸிலிருந்து ஒர்க்‌ஷாப் வேலைக்கு வந்தவர். அவனுடைய தமிழில் பாதி தக்காணத்து ஹிந்தி என்பதால், டெபுடி மேனேஜர் கிரேடில் இருந்த சந்திரசேகரன் குவார்ட்டர்ஸில் அவனை யாரிடமும் தமிழன் என்று அறிமுகப்படுத்தியதில்லை. ப்ராப்பர்ட்டி கன்சல்டண்ட் என்றுதான் சொல்வார். சுனில் இதையெல்லாம் பொருட்படுத்தும் ஆள் இல்லை. அடுத்த ஞாயிறு ஒரு அளவு நாடாவோடு வந்தான். மியாப்பூரில் ஒன்றையும் குக்கட்பல்லியில் இரண்டையும் அளந்து பார்த்துவிட்டு, விஷயத்தைக் கண்டுபிடித்தவன் அவன்தான்.

“கைக்கு, எதுக்கு டென்ஷன் சார்? லட்சத்துக்கு ஓர் அடி, அவ்ளோதான். அந்தக் கொண்டாப்பூர் ஃப்ளாட் இருபத்தஞ்சு. உங்க பி.எஃப், கிராஜுவிட்டி எல்லாம் போட்டாப் பதினாலு. பதினொண்ணு கம்மி, பதினொண்ணு அடி போச்சு. கணக்கு கரெக்ட்டா இருக்கு, பாருங்க.”

கணக்கு கரெக்டாகத்தான் இருந்தது. சந்திரசேகரன் மறு வருடம் மே மாதக் கடைசியில் ஓய்வு பெறுகிறார். அதற்குப் பிறகு நாலு மாதத்துக்குள் குவார்ட்டர்ஸைக் காலி செய்தாக வேண்டும். முப்பத்திரண்டு வருடம் கம்பெனி வீட்டில் கம்பெனித் தண்ணீர் குடித்தவருக்குச் சொந்தமாக ஒரு சுவர் கிடையாது. நகரத்திலோ மாதத்துக்கு மாதம் விலை ஏறியது, அடியும் ஏறியது. திருமுல்கேரியில் ஓய்வுபெற்ற ராணுவக்காரர் ஒருவரின் பழைய ஓட்டு வீடு, வேப்பமரத்தோடும் நாயோடும் நாற்பது அடி பின்னால் போய் நிமிர்ந்து நின்றது. பஞ்சாரா ஹில்ஸில், சும்மா வேடிக்கை பார்க்கலாமே என்று போன இடத்தில், ஒரு பங்களா அடுத்த தெருவுக்கே போய்விட்டது. அதன் சொந்தக்காரர் காரை எடுத்துக்கொண்டு வீட்டைத் தேடிப் போனார். அதற்குப் பிறகு சந்திரசேகரன் தெருமுனையிலேயே நின்றுகொள்ள, மனைவி கல்பகம் மட்டும் உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வருவது வழக்கமாயிற்று. அவள் போனால் எந்த வீடும் அசையவில்லை. ஒரு வருடத்தில் அவள் பத்தொன்பது சமையலறைகளைப் பார்த்தாள், ஏழு வீடுகளில் காப்பியும் குடித்தாள்.

“ஏன்னா, நான் போனா நிக்கறது, நீங்க போனா ஓடறது. காசு ரெண்டு பேருக்கும் ஒண்ணுதானே? உங்களைக் கண்டா மட்டும் அதுக்கு என்ன வந்தது?” என்று அவள் ஒருநாள் ஆட்டோவில் கேட்டாள். சந்திரசேகரன் டிரைவரிடம் மீட்டர் வேகமாக ஓடுவதாகச் சண்டை பிடித்தார்.

அவருக்குத் தெரியும். 1998இல் தொழிற்சாலை ஊழியர்கள் முப்பத்துமூன்று பேர் சேர்ந்து ஒரு வீட்டுவசதிச் சங்கம் வைத்திருந்தார்கள். மாதாப்பூருக்கு அப்பால் ஆளுக்கு முந்நூறு சதுர கஜம் நிலம், தொண்ணூறாயிரம் ரூபாய்க்கு வந்தது. கொள்முதல் பிரிவில் தலைமுடி நரைத்த சந்திரசேகரன் அதை முறைப்படி பரிசீலிப்பதாக ஏற்றுக்கொண்டு, மூன்று இடங்களுக்குக் கொட்டேஷன் வாங்கி, ஒப்பீட்டு அட்டவணை போட்டார். தண்ணீர், பள்ளிக்கூடம், பஸ் வசதி, கடைசிப் பத்தியில் தொழிற்சாலை கேட்டிலிருந்து தூரம். இருபது வருடத்துக்கு மேலாக எல்லாத் தூரத்தையும் கேட்டிலிருந்தே அளந்து பழகிய அந்த முப்பத்துமூன்று பேரில் ஒருவருக்குக்கூட, வீடு கட்டிக் குடிபோவது ஓய்வுக்குப் பிறகுதான், அப்போது கேட்டுக்குள் யாரும் விடமாட்டார்கள் என்பது தோன்றவில்லை. மாதாப்பூர் இருபத்தாறு கிலோமீட்டர். சந்திரசேகரன் கேன்டீன் ஹாலில் எழுந்து நின்று ஆங்கிலத்தில் நாற்பது நிமிடம் பேசினார். அங்கே இருப்பது பாறையும் நரியும்தான், நாம் ரிடையரான பிறகு நரிக்கு அக்கவுண்ட்ஸ் சொல்லிக்கொடுக்கப் போகிறோமா என்று கேட்டபோது சபை சிரித்தது. நிலம் வேண்டாம் என்ற தீர்மானத்துக்கு ஆதரவாக முப்பத்திரண்டு கைகள் தூக்கப்பட்டன. முன்பணம் திரும்பி வந்தது. வட்டியில் ஆளுக்கொரு மூன்றடுக்கு டிபன் கேரியர் வாங்கிக் கொடுத்தார்கள். சந்திரசேகரனுக்கு மட்டும் சந்தன மாலை.

அந்த நிலத்தில் இப்போது பதினோரு மாடிக் கண்ணாடிக் கட்டடம். ஆறாவது மாடியில் அவருடைய மகள் சாருலதா சாஃப்ட்வேர் எழுதினாள். 2005 தீபாவளிக்கு முந்தைய வாரம், அவளை அழைத்து வரும் சாக்கில் சந்திரசேகரன் அந்தப் பக்கம் போனார். ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு ஹெல்மெட்டைக் கழற்றினாரோ இல்லையோ, பதினோரு மாடியும் புல்வெளியோடும் நீரூற்றோடும் உள்ளே இருந்த இரண்டாயிரம் எஞ்சினியர்களோடும் சறுக்கிக்கொண்டு பின்னால் போனது. எவ்வளவு தூரம் என்று அளக்க சுனில் அன்று இல்லை. செக்யூரிட்டிக்காரன் ஓடிப் போய்த்தான் கட்டடத்தைப் பிடித்தான். உள்ளே ஆறாவது மாடியில் எல்லோர் கோப்பையிலும் காப்பி ஒரு பக்கமாய்ச் சாய்ந்தது. பில்டிங்கின் அஸ்திவாரத்தில் ஏதோ இஷ்யூ என்று நிர்வாகம் மறுநாள் மெயில் அனுப்பியது. சாருலதா அன்று மாலை செல்போனில் கூப்பிட்டாள்.

“டாடி, நீங்க ஆஃபீஸ் பக்கம் வந்தீங்களா?”

“சும்மா, அந்தப் பக்கமா ஒரு வேலை…”

“ப்ளீஸ் டாடி. நெக்ஸ்ட் டைம் வேண்டாம். நான் ஷேர் ஆட்டோல வந்துடறேன்.”

அவள் கோபமாகச் சொல்லவில்லை, மெதுவாகத்தான் சொன்னாள். அதன் பிறகு ஒரு வாரம் சந்திரசேகரன் ஷேவ் செய்துகொள்ளவில்லை. கண்ணாடி முன்னால் நின்றால் கண்ணாடி பின்னால் போகும் என்று பயந்தாரோ என்னவோ.

பிரிவுபசார விழாவில் ஜெனரல் மேனேஜர், நம் சந்திரசேகரன் இனி பணக்காரர்களோடு பணக்காரராக ஜூபிலி ஹில்ஸ்வாசி என்று கேள்விப்படுகிறோம் என்றார். அப்படி ஒரு வதந்தியை யார் கிளப்பினார்கள் என்பது சந்திரசேகரனுக்குத் தெரியும். வாஸ்து, மூலை, கிணறு என்று ஒன்றேகால் வருடம் வீடுகளைக் கழித்துக்கட்டிய வாய் அவருடையதுதான். அவர் மறுக்கவில்லை. சால்வையைச் சரி செய்துகொண்டு, இன்னும் ஃபைனலைஸ் ஆகவில்லை என்றார். கீழே உட்கார்ந்திருந்த முப்பத்திரண்டு பேரும் கைதட்டினார்கள். எட்டு வருடத்தில் அவர்களில் ஒருவர்கூட மாதாப்பூர் என்ற வார்த்தையை அவர் எதிரில் சொன்னதில்லை. பேச்சு அந்தப் பக்கம் போனால் சட்டென்று கிரிக்கெட்டுக்குத் திருப்புவார்கள். ஒருமுறை காய்கறிச் சந்தையில், கெமிக்கல் லேபில் இருந்த பாலசுப்ரமணியன் வாய் தவறி, “இப்போ அங்க கஜம் பதினெட்டாயிரமாம் சார்,” என்று சொல்லிவிட்டு, தானே பதறிப்போய் அரைக் கிலோ வெண்டைக்காய் வாங்கி அவர் பையில் போட்டார். திட்டியிருந்தால் சந்திரசேகரன் தாங்கிக்கொண்டிருப்பார். வெண்டைக்காயைத்தான் தாங்க முடியவில்லை.

செப்டம்பர் பிறந்தது. முப்பதாம் தேதிக்குள் சாவியைத் திருப்பித் தராவிட்டால் தண்டவாடகை என்று எஸ்டேட் ஆஃபீஸிலிருந்து நோட்டீஸ் வந்தது. சுனில் மோட்டார் பைக்கில் வந்து, “சார், கோச்சுக்கக் கூடாது. மௌலா அலில ஒண்ணு இருக்கு. பன்னெண்டரைதான், உங்க பட்ஜெட்டுக்குள்ளயே வருது. ஸ்டேஷன்லேந்து நடக்கற தூரம்,” என்றான். ஒன்றரை வருடமாக இவன் இதைச் சொல்லிவிடுவானோ என்று பயந்துதான் சந்திரசேகரன் கொண்டாப்பூர் கொண்டாப்பூர் என்று அலைந்தார். இப்போது பின்சீட்டில் ஏறி உட்கார்ந்தார். கல்பகம் ஆட்டோவில் முன்னாலேயே போய், ஃப்ளாட்டைப் பார்த்துவிட்டு, காற்று நன்றாக வருகிறது என்று முதல் மாடி ஜன்னலிலிருந்து கையசைத்தாள். ஒன்றரை லட்சம் கையில் மிச்சம். கணக்குப்படி இந்தக் கட்டடம் ஓர் அடியாவது அவரை நோக்கி முன்னால் வந்திருக்க வேண்டும். சந்திரசேகரன் அடியெடுத்து வைத்தார். கட்டடம், ஜன்னலில் கல்பகத்தோடு, பின்னால் போனது.

“நக்கோ சார், வேணாம்! நில்லுங்க!” என்று சுனில் நாடாவைக் கீழே போட்டான். “பைசா இருக்கு. அப்புறம் இது ஏன் போகுது?”

“சொன்னேனே கேட்டேளா?” என்றாள் கல்பகம், போய்க்கொண்டே.

அப்போதுதான் இரண்டாவது மாடி பால்கனியில் ஈர வேட்டியைப் பிழிந்துகொண்டிருந்த பாலசுப்ரமணியன் எட்டிப் பார்த்தார். அவர் போன மாதம்தான் அங்கே குடிவந்திருந்தார், யாரிடமும் சொல்லவில்லை. ஜூபிலி ஹில்ஸ்வாசியை அவர் பார்த்துவிட்டார். சந்திரசேகரனுக்கு ஓட இடமில்லை. சடாரென்று திரும்பி முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். முகத்தைத் திருப்பாமல் சுனில் நிற்கும் பக்கமாக நழுவலாம் என்று இரண்டு அடி பின்னால் வைத்தவர், நிலைகுலைந்து மேலும் நாலு அடி வைத்தார். அவர் முதுகு இரும்பு கேட்டில் போய் இடித்தது.

கட்டடம் அசையவே இல்லை. சுனில் ஓடிவந்து நாடாவை வைத்துப் பார்த்தான், ஓர் அங்குலம்கூட இல்லை. “சார், அப்படியே வாங்க. திரும்பாதீங்க. பின்னாடியே வாங்க,” என்று பஸ்ஸுக்கு ரிவர்ஸ் சொல்லும் கிளீனர் போலக் கேட்டைத் தட்டினான். சந்திரசேகரன் தன் வாழ்க்கையில் முதல்முறையாக, விலைக்கு வந்த ஒரு வீட்டின் வாசலுக்குள், தெருவைப் பார்த்தபடி நுழைந்தார். பின்னால் படியிறங்கி வரும் செருப்புச் சத்தம் கேட்டது.

“வாங்க சார். ஒரு வாய் காப்பி சாப்பிட்டுட்டுப் போங்க,” என்றார் பாலசுப்ரமணியன்.

சந்திரசேகரன் தெருவைப் பார்த்துக்கொண்டே, “பாலு, அந்த மாதாப்பூர் விஷயம்… நான்தான்…” என்றார். எட்டு வருடமாகத் தொண்டையில் கிடந்தது அவ்வளவுதான் வெளியே வந்தது.

“அன்னிக்கு நானும்தான் சார் கை தூக்கினேன். எனக்கும் நரின்னா பயம்.”

சந்திரசேகரன் திரும்பி அவர் முகத்தைப் பார்த்திருக்கலாம். பார்க்கவில்லை. கட்டடம் போய்விடுமே என்பது காரணம் என்று பிறகு கல்பகத்திடம் சொன்னார்.

பத்திரம் செப்டம்பர் இருபத்திரண்டாம் தேதி பதிவாயிற்று. ஆனால் கட்டடம் பத்திரத்தைப் படித்ததாகத் தெரியவில்லை. முகம் காட்டினால் பழையபடி போனது. கிரகப்பிரவேசத்துக்கு வந்த சாஸ்திரிகளிடம் கல்பகம் தயங்கித் தயங்கிக் கேட்டாள். வலது காலை எடுத்து வைக்க வேண்டும் என்றுதான் சாஸ்திரம், முகம் எந்தப் பக்கம் இருக்க வேண்டும் என்று எங்கேயும் இல்லை என்று அவர் சொல்லிவிட்டார். சந்திரசேகரன் பட்டு வேட்டியும் மாலையுமாய், சுவாமி படத்தை மார்போடு அணைத்தபடி, பின்பக்கமாக வலது காலை வைத்துக் குடிபுகுந்தார். சங்கத்தார் இருபத்தாறு பேர் வந்திருந்தார்கள். அவர்கள் எல்லோரும் தெருவில் நின்றதால், பின்னால் நகர்ந்து வரும்போது அவர் அத்தனை பேர் முகத்தையும் ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டியிருந்தது. அவர்கள் ஜூபிலி ஹில்ஸைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. சாப்பாட்டுப் பந்தியில் கிரிக்கெட்டைப் பற்றிப் பேசினார்கள்.

வருடங்கள் போயின. கட்டடத்தில் மற்றவர்கள் எல்லாம் தெலுங்குக்காரர்கள். வீட்டுக்குள் முதுகு காட்டி நுழைவது தமிழர்களின் ஆசாரம் போலிருக்கிறது என்று எடுத்துக்கொண்டார்கள், கல்பகமும் அதை மறுக்கவில்லை. வெளியே போகும்போது சந்திரசேகரனுக்கு எந்தச் சிரமமும் இல்லை, எல்லோரையும் போலத்தான் போவார். தெருமுனை போனபிறகும் திரும்பிப் பார்ப்பதில்லை. குடிவந்த முதல் மாதம், குடையை மறந்துவிட்டோமே என்று ஒருமுறை திரும்பியதில், கட்டடம் இரண்டடி நகர்ந்து மூன்றாவது மாடி அம்மாளின் ஆவக்காய் ஜாடி உருண்டு உடைந்தது. சாருலதா கல்யாணமாகி கொண்டாப்பூரில் வாடகைக்குப் போனாள். மாதம் ஒருமுறை அப்பாவை அழைத்துப் போவாள். காரை வாசலில் நிறுத்தி, அவர் தோளைப் பிடித்துப் பின்பக்கமாக நடத்தி லிஃப்டுக்குள் விடுவாள். அந்த அபார்ட்மெண்ட் வாட்ச்மேனுக்கும் அது பழகிவிட்டது.

2011 மார்ச்சில் ஒரு மத்தியானம், கேஸ் சிலிண்டர் கொண்டுவந்த ஆள் தெருமுனையில் நின்று போன் செய்தான். இந்தத் தெருவில் ஒரே மாதிரி நாலு பில்டிங் இருக்கிறது, உங்களுடையது என்ன கலர் சார் என்று தெலுங்கில் கேட்டான். சந்திரசேகரன் போனைக் கையால் பொத்திக்கொண்டு, கல்பகத்திடம் கேட்டுத் தெரிந்துகொண்டு, மஞ்சள் என்று சொன்னார்.