சம்பூர்ணம் கடலில் இறங்கும் கதை

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இது என் தலையில் உதித்த கதை இல்லை. தையல்காரரிடம் துணி கொடுப்பதுபோல, அளவும் சொல்லி, ஒருவர் கொடுத்துவிட்டுப் போன கதை. அவர் பெயர் சம்பூர்ணம். ஆம்பூரில் என் வீட்டை ஒட்டிய வீடு, நடுவில் ஒரே சுவர். ஷூ கம்பெனியில் ஷூவின் மேல்பாகம் தைக்கிறார். கல்யாணம் ஆகவில்லை. அம்மா இருந்தவரை அம்மா இருந்தார். இப்போது அந்த வீட்டில் இன்னொரு குரல் கேட்டால் அது ரேடியோ.

எண்பத்து நாலாம் வருஷம், ஒரு லீவு நாள் மத்தியானம், வாசலில் வந்து நின்றார்.

"தம்பி, நீ கதை எழுதுவியாமே?"

"ஏதோ எழுதுவேன்க்கா."

"என்னக் கடல்ல எறக்கி வுடு."

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

"போன மாசம் கம்பெனி டூர்ல ராமேஸ்வரம் போனேன் இல்ல? அல்லாரும் கடல்ல எறங்கினாங்க. நான் எறங்கல. இன்னொரு வாட்டி போறதுக்கு என்னக் கூப்டுக்கினு போக யாரு இருக்காங்க? எங்கியாவது ஒரு எடத்துல நான் எறங்கி இருக்கணும் தம்பி."

"அவ்வளவுதானே? எழுதிட்டாப் போச்சு."

"ஆனா ஒண்ணு. புருஷன், புள்ளன்னு யாரையாவது கொண்டாந்து ஒட்டாத. நான் நானாவே எறங்கணும்."

ஒப்புக்கொண்டேன். ஒரு பெண்மணியைக் கடலில் இறக்குவதில் என்ன கஷ்டம், ஒரு வரி போதுமே என்றுதான் நினைத்தேன். எழுத்தாளர்களுக்கு இந்த மாதிரித் திமிர் எப்போதும் உண்டு.

2

'அன்று கடல் ஓர் ஏரியைப் போல அமைதியாக'

(வேண்டாம். எல்லாருடைய கடலும் இப்படித்தான் தொடங்குகிறது.)

'பாம்பன் பாலத்தின்மேல் ரயில் ஊர்ந்தபோது சம்பூர்ணத்தின் மனம்'

(மனத்தைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. உட்கார்ந்த இடத்தைப் பற்றித்தான் சொன்னார். அதிலிருந்தே தொடங்குகிறேன். கதைக்குள் வந்ததும் 'அவர்', 'அவள்' ஆகிவிடுவார். அக்கா மன்னிக்க வேண்டும்.)

பஸ்ஸில் குடும்பம் குடும்பமாக உட்கார வைத்தவர் சூப்பர்வைசர் ஆபித் பாஷா. ஏர்வாடி தர்காவுக்கும் போகிறது, ராமேஸ்வரத்துக்கும் போகிறது, ஆகையால் யாருக்கும் மனக்குறை இல்லை. மூன்று பேர் சீட் உண்டு, இரண்டு பேர் சீட் உண்டு. ஒற்றை ஆளுக்கென்று யாரும் சீட் செய்வதில்லை. ஆபித் பாஷாவே டிரைவர் பக்கத்து என்ஜின் பெட்டிமேல் ஒரு துண்டை விரித்து, "இங்க குந்திக்கம்மா, காத்து நல்லா வரும்" என்றார். காற்று வந்தது. சூடு அதைவிட ஜாஸ்தியாக வந்தது.

மண்டபத்தில் பஸ்ஸை விட்டு ரயில் ஏறினார்கள். பாலத்தின்மேல் போகும்போது ஜன்னல் முழுக்கக் குழந்தைகளின் தலை. இரண்டு தலைகளுக்கு நடுவில் தெரிந்த அளவு கடலை அவள் பார்த்தாள். அதுவே அவளுக்குப் போதுமானதாக இருந்தது. இனிமேல்தான் இறங்கப்போகிறோமே என்ற நினைப்பு.

அந்தத் தீவின் கடல் பரம சாது. அலை என்று பெயருக்கு ஒன்று வந்து, காலைத் தொட்டுவிட்டு, தொந்தரவு கொடுத்துவிட்டோமோ என்பதுபோலத் திரும்பிவிடும். கைக்குழந்தையைக்கூட இறக்கலாம். கிழவிகள் இடுப்பளவில் உட்கார்ந்து ஊர்க்கதை பேசிக்கொண்டிருந்தார்கள். குடும்பத்தோடு வருகிறவர்களுக்காகவே கடவுள் தனியாகச் செய்து வைத்த கடல்.

சம்பூர்ணம் சேலையைத் தூக்கிச் செருகினாள். அப்போது பக்கத்து மெஷினில் தைக்கும் ஹலீமா பீ வந்தாள். அவளுக்கு நான்கு பிள்ளைகள். கையில் ஒரு பை.

"அக்கா, இத கொஞ்சம் பாத்துக்குங்க. நீங்க சும்மாதான இருக்கீங்க."

அதைப் பார்த்து இன்னொருத்தி பை வைத்தாள். இன்னொருவர் கைக்கடிகாரத்தைக் கழற்றிக் கொடுத்தார். மூக்குக்கண்ணாடி வந்தது, தண்ணீர்க் கூஜா வந்தது, பல்செட் டப்பா ஒன்றும் வந்தது. செருப்புகள் குவிந்தன. எல்லாம் கம்பெனியில் கழித்துப் போட்ட மால். தைத்தவள் காலில் ரப்பர் செருப்பு.

தண்ணீரில் அவரவர் கைகோத்து வட்டமாக நின்று, ஒன்று இரண்டு மூன்று சொல்லி முங்கினார்கள். நடுவில் ஹலீமா பீ கரையைப் பார்த்துக் கை காட்டினாள். சம்பூர்ணத்துக்குச் சந்தோஷம் தாங்கவில்லை, எழுந்து நின்று பதிலுக்குக் கை காட்டினாள். ஹலீமா பீ கை காட்டியது பை இருக்கிறதா என்று பார்க்கத்தான் என்பது அப்புறம் புரிந்தது.

கரையேறினார்கள். ஆபித் பாஷா விசில் அடித்தார். ரயிலுக்கு நேரமாகிவிட்டது. அவரவர் பொருளை அவரவர் எடுத்துக்கொண்டார்கள். ரயிலில்தான் ஹலீமா பீ அவளுடைய காய்ந்த சேலையைப் பார்த்தாள்.

"இன்னாக்கா, நீங்க குளிக்கலியா?"

"சளி புடிச்சிருக்கு" என்றாள் சம்பூர்ணம்.

நடந்தது இவ்வளவுதான். இதில் எங்கே அவளை இறக்குவது?

3

கொடுத்த வாக்கை மீறினேன். கட்டிங் செக்ஷனில் வேதாசலம் என்று ஒருவரை உண்டாக்கினேன். மனைவியை இழந்தவர், கண்ணியமானவர், காது ஓரம் நரை. கையில் இரண்டு டீயோடு வருகிறார். 'நீங்க போங்க, நான் பாத்துக்கறேன்' என்கிறார். அவள் எழுகிறாள். சூரியன் வேறு நல்ல நிறத்தில் இருக்கிறது. (இவர்களுக்குக் கல்யாணம் ஆகிவிடுமா என்று நீங்கள் இப்போதே கேட்பது காதில் விழுகிறது. எனக்கும் அந்த ஆசை இருந்தது.)

படித்துக் காட்டினேன். நாளெல்லாம் ஊசிமுனையைப் பார்க்கிறவர், எழுத்தைப் பார்த்தால் கண் வலிக்கிறது என்பார்.

"யாரு இந்த ஆளு?"

"சும்மா, கதைக்கு."

"கம்பெனில இப்டி ஒருத்தர் இல்லவே இல்ல. முன்னப்பின்ன தெரியாத ஆம்பளகிட்ட என் பையக் குடுத்துட்டுப் போவேனா? அவரு டீய அவரே குடிக்கச் சொல்லு."

வேதாசலத்தை அடித்துவிட்டேன். பாவம், இரண்டு டீயையும் கையில் வைத்துக்கொண்டு எங்கோ நின்றுகொண்டிருப்பார்.

4

'ஈரத் தலையைத் துவட்டியபடி ஹலீமா பீ கரையேறி, "போதும்க்கா, இப்ப நீங்க போய்'

"நிறுத்து. ஹலீமா அப்டிச் சொல்லல. சொல்லி இருந்தா நான் எதுக்கு உன்கிட்ட வர்றேன்?"

"அப்போ அவங்களக் கெட்டவங்களா எழுதவா?"

"ஐயோ, அதுவும் வேணாம். நாலு புள்ளைங்க. ஒண்ணு ஒண்ணா எண்ணி எண்ணிக் கரையேத்தினா. அந்த பேஜார்ல என்ன எண்ண மறந்துட்டா. அவ்ளோதான்."

அவர் அதைச் சாதாரணமாகத்தான் சொன்னார். நான் அந்த வரியை அடித்தேன்.

5

எல்லாவற்றையும் அப்படியே மணலில் போட்டுவிட்டு இறங்கவைத்தால் என்ன? ஊரார் மூட்டைகள் எக்கேடோ கெடட்டும். ஒரு தடவை அவளும் யாரையும் பார்க்காமல் ஓடட்டும். ஆவேசமாக இரண்டு பக்கம் எழுதினேன். நன்றாகவே வந்திருந்தது.

"மத்தவங்க சாமான் போனாப் போவுது தம்பி. தேடினா எங்கயாவது கெடைக்கும். என் பைல வீட்டுச் சாவி இல்ல இருந்திச்சு?"

"முந்தானையில முடிஞ்சுக்கலாமே?"

"தண்ணில முடிச்சு அவுந்துட்டா?" அவர் என்னைப் பார்க்காமல் சுவரைப் பார்த்தார். "அவங்கள்லாம் சாவியத் தொலைச்சா, வீட்ல யாராவது உள்ளருந்து தொறப்பாங்க. எனக்கு, பூட்டிட்டு வந்தாப் பூட்டினதுதான். நான் தட்டினா, உள்ள யாரு இருக்கா?"

இரண்டு பக்கத்தையும் கிழித்துவிட்டேன்.

அந்தச் சுவர் எனக்கும் பழக்கம். அவர் ரேடியோவை நிறுத்துவது எனக்குக் கேட்கும். நான் இருமுவது அவருக்குக் கேட்கும். அதற்கு மேல் எங்கள் சுவரில் ஒன்றும் கேட்பதில்லை.

6

ஆக, பிரச்சினை கடலே இல்லை. ஒரு சாவி. அதை வைத்துக்கொள்ள ஓர் ஆள். புருஷன் கூடாது, புள்ளை கூடாது, கற்பனை ஆசாமி கூடாது. ஹலீமா பீக்குக் கை காலியில்லை. நான் வைத்துக்கொள்ளலாம் என்றால் என் கையில் பேனா இருக்கிறது. அதைக் கீழே வைத்தால் கடல் நின்றுபோகும்.

அப்புறம்தான் ஒரு யோசனை வந்தது. அவரிடம் தயங்கித் தயங்கிச் சொன்னேன்.

"படிக்கிறவங்ககிட்டக் குடுத்துட்டுப் போலாமாக்கா?"

"யாரு அவங்க?"

"தெரியாதுக்கா. மொகமே தெரியாது. ஆம்பளையா பொம்பளையான்னுகூடத் தெரியாது."

"நல்லா இருக்கு நியாயம்! டீ கொண்டாந்த ஆளே தேவல." அப்புறம் அவரே கேட்டார்: "அவங்களும் ஃபேமிலியோட வந்தவங்கதானா?"

யோசித்துப் பார்த்தேன். "வீட்ல எத்தினி பேர் இருந்தாலும், படிக்கிறப்ப மட்டும் அவங்க தனியாத்தான்க்கா இருப்பாங்க."

சம்பூர்ணம் அக்கா ரப்பர் செருப்பைக் காலால் திருப்பி, மறுபடி நேராக்கினார்.

"அப்ப அவங்களுக்குத் தெரியும்" என்றார். "எழுது."

7

சம்பூர்ணம் எழுந்திருக்கிறாள். மடியிலிருந்த கடிகாரம், கண்ணாடி, பல்செட் எல்லாவற்றையும் செருப்புக் குவியலுக்குப் பக்கத்தில் ஒழுங்காக வைக்கிறாள். தன் பையைத் திறந்து சாவியை எடுக்கிறாள். பித்தளைச் சாவி. கறுப்புக் கயிறு கோத்திருக்கிறது. கம்பெனி நூல்தான்.

நேராக உங்களிடம் வருகிறாள்.

"கொஞ்சம் பாத்துக்குங்க" என்கிறாள். நீங்கள் சும்மாதானே இருக்கிறீர்கள் என்று அவள் சொல்லவில்லை. சொல்லவும் மாட்டாள். கையை நீட்டுங்கள். அவள் உள்ளங்கைச் சூடு சாவியில் இன்னும் இருக்கும்.

போகிறாள். முதல் தண்ணீர் காலில் பட்டதும் நிற்கிறாள். இத்தனை வெதுவெதுப்பாக இருக்கும் என்று யாரும் அவளிடம் சொல்லவில்லை. முழங்கால். இடுப்பு. சேலை மேலெழும்பி அவளைச் சுற்றி மிதக்கிறது. அதைப் பார்த்து அவளே சிரிக்கிறாள். கைகோக்க ஆளில்லை, அதனால் மூக்கைத் தானே பிடித்துக்கொள்கிறாள். ஒன்று, இரண்டு

(இங்கே நான் பேனாவைக் கீழே வைக்கிறேன். அவள் முங்கி எழுந்த பிறகு முகம் எப்படி இருந்தது, எப்போது கரையேறினாள் என்பதையெல்லாம் நான் எழுதப்போவதில்லை. அது அவளுக்கும் உங்களுக்கும் நடுவில் இருக்கட்டும்.)

அவள் கை காட்டினால் நீங்களும் காட்டுங்கள். சாவி இருக்கிறதா என்று பார்க்கக் காட்டுகிறாள் என்று நினைத்துவிடாதீர்கள். ஆபித் பாஷா விசிலடித்துக்கொண்டு வருவார், ரயிலுக்கு நேரமாகிவிட்டது என்பார், எல்லாரும் வந்தாச்சா என்று கேட்பார். இன்னும் ஒருத்தர் தண்ணீரில் இருக்கிறார் என்று அவரிடம் நீங்கள்தான் சொல்ல வேண்டும்.