துடைப்ப வண்டிக்கு முன்னால்

என் கணவர் எலியேசெருக்கு ஐம்பத்தெட்டு வயதான வருடம் அது. முந்தைய இரண்டு வருடங்களும் அந்த மலைச் சைக்கிள் பந்தயத்தில் அவரைத் துடைப்ப வண்டி அள்ளிக்கொண்டு வந்திருந்தது. பந்தயத்தின் கடைசியில் ஊர்ந்து வரும் லாரிக்கு எங்கள் பக்கத்தில் அதுதான் பெயர். முன்பக்கம் நிஜமாகவே ஒரு துடைப்பத்தைக் கட்டியிருப்பார்கள். பன்னிரண்டு மணிக்குள் மலை முகட்டைத் தாண்டாதவர்களைச் சைக்கிளோடு ஏற்றிக்கொண்டு ஊர் சேர்ப்பது அதன் வேலை. அதை ஓட்டியவர் பெலார்மினோ, எங்கள் மகளின் ஞானத்தந்தை. அந்த உறவால் அவரும் என் கணவரும் ஒருவரையொருவர் கொம்பாத்ரே என்றுதான் அழைப்பார்கள், திட்டும்போதும். நான் அவருக்குக் கொமாத்ரே.

"கொம்பாத்ரே, உங்க சீட்டைத் தொடச்சு வெச்சிருக்கேன். இந்தத் தடவை மெத்தைகூடப் போட்டாச்சு" என்றார் பெலார்மினோ, நாங்கள் கிளம்பும் முன்பே போனில்.

"அதுல உங்க மாமியாரை உக்கார வைங்க" என்றார் என் கணவர். போனை வைத்த பிறகு அவர் முகத்தில் சிரிப்பு இல்லை.

"ஒதிலியா, இந்தத் தடவையும் அந்த லாரியில வந்து இறங்கினேன்னா சைக்கிளை வித்துருவேன்."

அவர் சொன்னால் செய்கிறவர். சிகரெட்டை அப்படித்தான் விட்டார். அந்தச் சைக்கிள் இல்லாத அவரை நினைத்துப் பார்க்க எனக்குப் பிடிக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் அது இல்லாமல் அவர் என்னையும் சமையலறையையும் என்ன பாடு படுத்துவார் என்றும் தெரியும்.

ஒரே வாரத்தில் எல்லாவற்றையும் திணித்திருந்தோம். பால் கூட்டுறவுச் சங்கங்களின் குளிரூட்டும் தொட்டிகளைப் பழுது பார்ப்பது அவர் தொழில். திங்கள் முதல் வியாழன் வரை வழியிலுள்ள கிராமங்களில் வேலை. வெள்ளிக்கிழமை எனக்காகத் தோத்தா ஏரி. மலைக்கு மேலே, குளிரில், வெள்ளை மணல் கரையோடு இருக்கும் அந்த ஏரியை நாட்காட்டிப் படத்தில்தான் பார்த்திருந்தேன். ஞாயிறு பந்தயம். எங்கள் பழைய ரெனோ காரின் கூரையில் சைக்கிள், பின்னால் கருவிப் பெட்டிகள், என் காலடியில் புத்தகப் பை.

அவர் தொட்டிக்குள் தலையை விட்டுக்கொண்டிருக்கும்போது நான் காரில் உட்கார்ந்து படிப்பேன். ஐந்து நிமிடத்தில் யாராவது சூப் கிண்ணத்தோடு வந்து கண்ணாடியைத் தட்டுவார்கள். அந்த வாரம் நான் குடித்த உருளைக்கிழங்கு சூப்புக்கு அளவே இல்லை. புத்தகம் பாதியைத் தாண்டவில்லை.

செவ்வாய்க்கிழமை ஒரு வேலை சீக்கிரம் முடிந்தது. கல்லாகிப் போன ஒரு கடல் மிருகத்தைப் பார்க்கப் போனோம். ஒரு காலத்தில் எங்கள் மலையெல்லாம் கடலுக்கடியில் இருந்ததாம். கூரைக்கடியில் நீளமாகப் படுத்திருந்த அதை எலியேசெர் தொப்பியைக் கழற்றிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

"இந்த உடம்போட ஏத்தம் ஏறியிருக்கும். அதான் பாவம், இங்கேயே படுத்திருச்சு."

"பாத்துக்கோங்க. உங்களுக்கும் ஒரு கூரை போட்டுருவாங்க."

வெள்ளிக்கிழமை காலை ஏரிக்குக் கிளம்பும்போது கடைசியாகப் பார்த்த சங்கத்திலிருந்து போன் வந்தது. கம்ப்ரஸர் நின்றுவிட்டது, ஊர் முழுவதன் பாலும் தொட்டிக்குள் இருக்கிறது. பால் யாருக்காகவும் காத்திருப்பதில்லை. திரும்பிப் போனோம். அவர் கைகளைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தபோது சூரியன் சாய்ந்திருந்தது.

"ஞாயித்துக்கிழமை பந்தயம் வேணாம். ஏரிக்குப் போலாம். உங்களுக்குக் குடுத்த வாக்கு" என்றார்.

எனக்கு ஆசை வந்தது உண்மை. ஆனால் அவர் அதைச் சொல்லும்போது கூரையிலிருந்த சைக்கிளின் சக்கரத்தை விரலால் சுற்றிக்கொண்டிருந்தார்.

"ஏரி ஓடியா போயிடும்? திங்கட்கிழமை போலாம். முதல்ல அந்த லாரியை ஜெயிச்சுட்டு வாங்க."

பந்தய ஊரில் தோன்யா எத்தெல்வினாவின் விடுதியில் தங்கினோம். தாட்டியான, கைராசிக்கார அம்மாள். ஞாயிறு காலை எலியேசெர் கிளம்பிப் போன பிறகு, முகட்டில் அவருக்குக் கொடுக்க வேண்டிய குடுவையில் சூடாக வெல்லத் தண்ணீர் ஊற்றித் தரச் சொன்னேன். அவர் ஊற்றிக் கொண்டிருக்கையில் நான் மாடியில் சனிக்கிழமைப் பத்திரிகையைப் பிரித்துக்கொண்டிருந்தேன். முகட்டிலிருந்து இறங்கும்போது குளிர்காற்று நெஞ்சில் அறையும். சட்டைக்குள் செய்தித்தாளைத் திணித்துக்கொண்டுதான் இறங்குவார்கள். நான் எப்போதும் மரண அறிவிப்புப் பக்கத்தை எடுத்துவிட்டு மற்றதைத்தான் மடிப்பேன். அவருக்கு அது தெரியாது.

குடுவையைக் கம்பளிச் சாக்ஸுக்குள் நுழைத்து, காரை ஓட்டிக்கொண்டு முகட்டுக்குப் போனேன். அங்கே மாதா சிலை வைத்த சிறு குகைக் கோயில், கெபி, இருக்கிறது. காற்றுக்கு அதன் சுவர்தான் மறைவு. எல்லைக்கோடு அதற்குச் சற்று அப்பால் சாலையில் வெள்ளையாக வரைந்திருந்தது.

இளைஞர்கள் போனார்கள். வயதானவர்கள் போனார்கள். ஒரு பாதிரியார்கூடப் போனார். சாலை வெறிச்சோடிய பிறகு மூடுபனிக்குள்ளிருந்து எலியேசெர் வந்தார். உதடு வெளுத்திருந்தது. கெபி அருகே என்னைப் பார்த்ததும் காலை ஊன்றி நின்றுவிட்டார்.

"சர்க்கரை குடுங்க. காலு என் பேச்சைக் கேக்கல."

குடுவையை வாயில் வைத்து அழுத்தினார். ஒன்றும் வரவில்லை. உறிஞ்சினார். கன்னம்தான் உள்ளே போனது.

"காலியா?"

"நிரம்பி இருக்கே. கனம் பாருங்க."

மூடியைத் திருகித் திறந்தார். உள்ளே எட்டிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"ஒதிலியா, இதுல சீஸ் இருக்கு."

எங்கள் ஊர்ப்பக்கம் வெல்லத் தண்ணீரைச் சூடாகக் கொடுத்தால் அதில் பாலாடைக்கட்டித் துண்டு போடாமல் கொடுப்பது மரியாதைக் குறைவு. தோன்யா எத்தெல்வினா பந்தயக்காரருக்கு என்று தாராளமாகவே போட்டிருக்கிறார். அது உருகி நூல் நூலாகக் குடுவையின் வாயை அடைத்துக்கொண்டிருந்தது. எலியேசெர் இரண்டு விரலை விட்டு இழுத்தார். அது வந்துகொண்டே இருந்தது. தின்றார், குடித்தார், மறுபடி இழுத்தார். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அவருக்கும்.

அப்போது பின்னால் ஹாரன். துடைப்பம் எங்களைப் பார்த்துக்கொண்டு நின்றது. பெலார்மினோ இறங்கி வந்தார்.

"என்ன கொம்பாத்ரே, விருந்தா? கோடு அங்க இருக்கு. நீங்க இங்க இருக்கீங்க."

"மணி என்ன?"

"இன்னும் ரெண்டு நிமிஷம் இருக்கு. அவசரமே இல்ல. ஹீட்டர் போட்டிருக்கேன், மெத்தை கதகதன்னு இருக்கு" என்று லாரிக் கதவை அகலமாகத் திறந்து பிடித்தார். பிறகு அவர் கண் குடுவைக்குப் போனது. "அது சீஸா?"

என் கணவர் கையிலிருந்த மொத்த நூலையும் பெலார்மினோவின் வாயில் திணித்துவிட்டுச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ஓடினார். நான் பக்கத்தில் ஓடியபடியே அவர் சட்டைக்குள் பத்திரிகையைச் செருகினேன். கோட்டுக்கு அந்தப் பக்கம் போய்த்தான் ஏறி உட்கார்ந்தார். பின்னால் பெலார்மினோ வாய் நிறைய வைத்துக்கொண்டு கடிகாரத்தைக் காட்டி என்னவோ கத்தினார். ஒரு சொல்லும் புரியவில்லை. விழுங்கிய பிறகு, "தாண்டிட்டாரு, திருட்டுப் பய" என்றார் என்னிடம், நிறைந்த முகத்தோடு.

நான் காரில் லாரிக்குப் பின்னால் இறங்கினேன். லாரிக்கு முன்னால், வளைவுக்கு வளைவு, காகிதம் துருத்திக்கொண்டிருந்த அவர் மார்பும் குனிந்த முதுகும் தெரிந்து தெரிந்து மறைந்தன. ஊருக்குள் வந்தபோது வாத்தியக்காரர்கள் போய்விட்டிருந்தார்கள். முடிவிடத்தில் காற்றடைத்து நிறுத்தியிருந்த வளைவைப் பாதி காற்றிறக்கிவிட்டார்கள். அவர் வருவதைப் பார்த்ததும் கூடாரம் பிரித்துக்கொண்டிருந்தவர்கள் ஓடிவந்து, தொங்கிய துணியைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தார்கள். அதற்கடியில் குனிந்து நுழைந்தார். கடைசி ஆள். ஆனால் சைக்கிளின் மேல்.

பெலார்மினோ லாரியிலிருந்து துடைப்பத்தை அவிழ்த்து அவர் கையில் கொடுத்தார்.

"வெச்சுக்கோங்க கொம்பாத்ரே. மெத்தை என் மாமியாருக்கு."

திங்கட்கிழமை ஏரிக்குப் போனோம். கார்தான் போனது என்று சொல்ல வேண்டும். எலியேசெரால் ஒரு படி ஏற முடியவில்லை. மணலில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்து டிரவுட் மீன் வறுவலைத் தின்றார், என் பங்கில் பாதியையும் சேர்த்து. நாட்காட்டியில் இருந்ததைவிடத் தண்ணீர் பச்சையாக இருந்தது. நான் செருப்பைக் கழற்றிவிட்டுக் கரையோரம் வெகுதூரம் நடந்தேன். திரும்பி வந்தபோது அவர் தூங்கிவிட்டிருந்தார்.

எழுந்ததும், "பிடிச்சுதா?" என்றார்.

"ரொம்ப."

"அடுத்த வருஷமும் வருவோம். சீஸ் இல்லாம."

அடுத்த வருடமும் வந்தோம். அதற்கடுத்த வருடமும். அதன் பிறகு ஒரு பிப்ரவரி மாதம், தூக்கத்தில் போனார். பத்திரிகையில் அவர் பெயர் வந்த பக்கத்தை அன்றும் தனியாக எடுத்துவிட்டேன், பழக்கத்தில்.

சைக்கிளை விற்கவில்லை. அவருக்கு விற்க வேண்டி வரவில்லை, எனக்கும் மனம் வரவில்லை. துடைப்பத்தை அந்தத் திங்கட்கிழமை ஏரிக்கரையில்தான் முதலில் பயன்படுத்தினோம், காருக்குள் சேர்ந்த மணலைப் பெருக்க. இப்போது அது தேய்ந்து கட்டையாகிவிட்டது. முற்றம் பெருக்க இன்னும் உதவுகிறது. வருடாவருடம் பந்தயம் முடிந்த மறுநாள் பெலார்மினோ வருவார். வெல்லத் தண்ணீர் கொடுப்பேன்.

"இதுல சீஸ் எங்க, கொமாத்ரே?" என்பார், துண்டு மிதப்பதைப் பார்த்துக்கொண்டே.