கணக்கு வாத்தியார் போட்ட வாட்டம்

வீடு விற்க நல்ல மாதம் எது என்று இளவரசனைக் கேட்டிருந்தால், பஞ்சாங்கம் பார்க்காமலே சித்திரை என்று சொல்லியிருப்பார். சித்திரையில் மழை பெய்யாது, அவ்வளவுதான் காரணம்.

இளவரசன் ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியார். திருவண்ணாமலையை ஒட்டிய வேங்கிக்காலில் இந்த வீட்டைக் கட்டியபோது, "எனக்குத் தெரியாத கணக்கா? இஞ்சினியர் எதுக்கு?" என்று தானே கோடு போட்டு, தானே வெயிலில் நின்று கட்டினார். கட்டி முடித்த ஐப்பசியிலேயே கூடத்துக்குள் மழை வந்தது. அதற்குப் பிறகு ஒரு வருடமும் தவறவில்லை. சம்பந்தி வீட்டார்கூட அத்தனை ஒழுங்காக வந்து போனதில்லை.

போன கார்த்திகை தீபத்தன்று ஊரே மலையைப் பார்த்துக் கைகூப்பி நின்றபோது, அவர் மனைவி மணிமொழி கூரையைப் பார்த்துக்கொண்டு பாத்திரம் வைத்துக்கொண்டிருந்தாள். அன்றைக்குச் சொல்லிவிட்டாள்: "இன்னொரு மழைக்கு நான் இந்த வீட்டுல குண்டான் தூக்க மாட்டேன். ஒண்ணு வித்துடுங்க, இல்ல ரிப்பேர் பண்ணுங்க. ரெண்டும் ஆவாதுன்னா, கீழ்பென்னாத்தூர்ல என் தம்பி வீடு இருக்குது. போயிடுவேன்."

ரிப்பேர் செய்தால் கட்டியது தப்பு என்று ஆகிவிடும். ஆகவே விற்பது என்று வாத்தியார் முடிவெடுத்தார்.

விற்கிற வேலையையும் முறைப்படிதான் செய்தார். விரிசலுக்கெல்லாம் பட்டி பார்த்துப் பெயின்ட் அடித்தார். ஓதம் ஏறிய கூடத்துச் சுவரில் ஆளுயர அண்ணாமலையார் படத்தை மாட்டினார். தண்ணீர் ஊறி மூட மறுத்த பாத்ரூம் கதவைக் கழற்றி வைத்துவிட்டு, காற்றோட்டத்துக்கு என்று திரை போட்டார். கரையான் அரித்த வாசல் நிலைக்குத்தான் அவருடைய முழு அறிவும் செலவாயிற்று. கட்டியாக மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, மாவிலைத் தோரணமும் கட்டினார். மஞ்சள் பூசிய நிலையை யார் நகத்தால் சுரண்டிப் பார்க்கப் போகிறார்கள்?

வீடு பார்க்க வந்தவர்கள் கோயில் குருக்கள் சாம்பமூர்த்தியும் அவர் மனைவி சொர்ணாம்பாளும். வாத்தியாருக்குப் பரம சந்தோஷம். இந்த ஊரில் வீடு பார்ப்பது என்றால் மாடிக்குப் போய் மலை தெரிகிறதா என்று பார்ப்பதுதான். தெரிந்தால் கை கூப்பிக்கொள்ளும். கூப்பிய கை சுவரைத் தட்டிப் பார்க்காது.

"படம் ரொம்பப் பெரிசா இருக்கே" என்றாள் சொர்ணாம்பாள், கூடத்தில்.

"பக்தி ஜாஸ்தி மாமி" என்று சொல்லி அவசரமாக வாசலுக்கு வெளியே இருந்த மாடிப்படியைக் காட்டினார் வாத்தியார்.

மேலே மலை முழுசாகத் தெரிந்தது. குருக்கள் கை கூப்பினார். கீழே மணிமொழி வெற்றிலை பாக்குத் தட்டை எடுத்து வைத்திருந்தாள். குருக்கள் இடுப்பில் அட்வான்ஸ் பணம் இருந்தது. முடிந்தது வேலை என்று வாத்தியார் மூச்சு விட்டார்.

"அட்வான்ஸ் குடுக்கறதுக்கு முன்னாடி மலையைப் பாத்து இங்க ஒரு விளக்கு ஏத்திடறேன்" என்றாள் சொர்ணாம்பாள். "எடத்தை அலம்பணும். அந்தக் குழாயைத் தொறங்கோ."

"நேத்துதான் பெருக்கினது மாமி."

"பெருக்கறது வேற, அலம்பறது வேற சார்."

டேங்கில் செருகியிருந்த ஹோஸைப் பிடித்தாள். சந்நிதி கழுவிப் பழகிய கை, தாராளமாக ஊற்றியது. தண்ணீர் மழைநீர்க் குழாய் இருந்த பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. எதிர் மூலைக்கு ஓடிப்போய்க் குளம் கட்டி நின்றது.

"ஓட்டை அங்க இருக்கு. ஜலம் இங்க போறதே?" என்றார் குருக்கள்.

மறைக்க வேண்டிய மனிதர், பெருமை தாங்காமல் வாயைத் திறந்தார். "அது வேணும்னே செஞ்சது சாமி. குழாய் போட்டப்புறம்தான் பாத்தேன், மாடி அழுக்குத் தண்ணி மலைப் பக்கமா எறங்குது. அடுக்குமா? ஓட்டை இந்தப் பக்கம் இருக்குது சார், வேணாம் சார்னு மேஸ்திரி கெஞ்சினாரு. நான் உடல. கூடவே நின்னு தண்ணி ஓடுற வாட்டத்தை அப்படியே திருப்பிப் போட வெச்சேன்."

பரிசு வாங்கப் போகிற பையன் மாதிரி குருக்கள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

குருக்கள் மலையைப் பார்த்தார், குளத்தைப் பார்த்தார். "சுவாமிக்கு அபிஷேகம் பண்ற ஜலத்துக்கே கோமுகி வெச்சிருக்கு சார். போறதுக்கு வழி பண்ணாம அவருக்கே நாங்க ஊத்தறதில்ல."

கீழே மணிமொழிக்கு மாடியில் தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டது. அதற்குமேல் அவள் யோசிக்கவில்லை, கை யோசித்தது. குண்டான், தவலை, ரெண்டு வாளி, ஒரு கிண்ணம் என்று எடுத்து வந்து அதது இடத்தில் வைத்துவிட்டாள்.

இறங்கி வந்த சொர்ணாம்பாள் வாசற்படியில் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "ஏம்மா, கூடம் பூரா காலிப் பாத்திரமா பரப்பி வெச்சிருக்கே?"

மணிமொழி நாக்கைக் கடித்துக்கொண்டாள். பதிலைக் குண்டான் சொன்னது: ணங். அப்புறம் தவலை. அப்புறம் வாளிகள். ஒரு சொட்டுகூடக் குறி தப்பவில்லை. அண்ணாமலையார் படத்துக்கு அடியிலிருந்து ஈரக்கோடு ஒன்று தரையைப் பார்த்து இறங்கியது.

"சரி பண்ண என்ன ஆகும்?" என்று கேட்டார் குருக்கள்.

"ஒரு அஞ்சாயிரம் ஆவுமா..." என்று இழுத்தார் வாத்தியார்.

"தளத்தை ஒடச்சி வாட்டம் திருப்பிப் போட ஒண்ணே கால் லட்சம்" என்றாள் மணிமொழி. "செவுத்துல ஓதம் எடுத்துப் பூச நாப்பதாயிரம். பாத்ரூம் தரைக்கும் கதவுக்கும் முப்பத்தஞ்சி. நிலைல கரையான், அதுக்குத் தனியா பதினெட்டு."

சொர்ணாம்பாள் நிலையிலிருந்து வெடுக்கென்று கையை எடுத்தாள். உள்ளங்கையில் மஞ்சளோடு மரத்தூளும் வந்தது.

"மூணு மேஸ்திரிய கூட்டியாந்து காட்னேன் மாமி. ஒருத்தரும் அஞ்சாயிரம்னு சொல்லல."

குருக்கள் கோபப்படவில்லை. "மலை நன்னாத் தெரியறது, எங்களுக்குப் பிடிச்சிருக்கு. ஒண்ணு, சரி பண்ணிக் குடுங்கோ, கேட்ட விலை தரோம். இல்ல, விலையில அந்தச் செலவைக் கழிச்சுடுங்கோ."

காலமெல்லாம் பிள்ளைகளின் தாளில் சிவப்பு மையால் கழித்துத்தான் வாத்தியாருக்குப் பழக்கம். "தப்பு இருந்தாத்தான சாமி கழிக்கணும்? வாட்டத்துல தப்பே இல்ல!"

அவர்கள் விடைபெற்றுப் போனார்கள். மணிமொழி பாத்திரங்களிலிருந்த தண்ணீரைத் துளசிக்கு ஊற்றினாள், கவிழ்த்து வைத்தாள், பையை எடுத்துக்கொண்டு கீழ்பென்னாத்தூர் பஸ் ஏறிவிட்டாள். ஐப்பசிக்குள் திரும்பிவிடுவாள் என்று வாத்தியார் கணக்குப் போட்டார்.

அந்த வாரமே கோடை மழை கொட்டியது. அது அவர் கணக்கிலேயே இல்லை. குண்டானைத் தூக்கிக்கொண்டு கூடம் முழுக்க ஓடினார். வைத்த இடத்தில் சொட்டவில்லை. சொட்டுகிற இடத்துக்கு நகர்த்தினால் முதுகுக்குப் பின்னால் இன்னொன்று சொட்டியது. கடைசியில் போனை எடுத்தார்.

"மணி, அந்தப் பெரிய குண்டான் எந்த எடத்துல வெப்ப?"

"நீங்கதான கணக்கு வாத்தியாரு? போட்டுப் பாருங்க."

"எப்ப வருவ?"

"தளத்தை ஒடைக்கிற சத்தம் காதுல கேட்டா வரேன்."

மறுநாள் காலை மொட்டை மாடியில் மேஸ்திரி சம்மட்டியை ஓங்கினார். வெட்டவெளியில் மலையைப் பார்க்காமல், தரையைப் பார்த்தபடி, வாத்தியார் போனை நீட்டிப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"கேக்குதா?"

"கம்மியா கேக்குது."

அந்தப் பக்கம் கண்டக்டர் விசில் அடிப்பதும், "திருவண்ணாமலை, ஏறு ஏறு" என்று கத்துவதும் வாத்தியாருக்கு நன்றாகவே கேட்டது. ஆனாலும் அவர் மேஸ்திரி பக்கம் திரும்பினார்.

"இன்னும் கொஞ்சம் ஜாஸ்தியா போடுங்க மேஸ்திரி."